ஆளில்லாத மாடியில் விளக்கு

அத்தியாயம் 17

டெம்போவில் கட்டியிருந்த மெத்தை சரிந்துவிடாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு நர்ஸ் நடுத்தெருவில் நின்றாள். எதிரே பல்டாக்டர் வீட்டு கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு உள்பக்கம் பல்டாக்டர், வெளிப்பக்கம் நம் பெரியவள்.

போன வாரம் இதே கேட்டில் சாய்ந்துகொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, "வியாழக்கிழமை வந்து சாவியை வாங்கிக்குங்க" என்று சொன்னவர்தான் பல்டாக்டர். அதை நம்பித்தான் நர்ஸ் இருந்த வீட்டைக் காலி செய்தாள். அந்த வீட்டை வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார். இன்று காலை இவள் சாமானை ஏற்றும்போதே அங்கே ஜன்னலைப் பெயர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பிப் போகலாம் என்றால் போவதற்கு ஜன்னல்கூட இல்லை.

புதிதாக நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவளுக்கு மாநகராட்சியில் உத்தியோகம். நகரத்தில் பூட்டிக் கிடக்கிற வீடுகளையும் மாடிகளையும் தேடிப்பிடித்து, சொந்தக்காரர்களிடம் பேசிப் பேசி, நியாயமான வாடகைக்கு உழைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்கு விடவைப்பது அவள் வேலை. விட்டால் வீட்டுவரி பாதி குறையும். மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு மாநகராட்சியே ஜாமீன் நிற்கும். இதைச் சொல்லிச் சொல்லியே தெருவில் அவளுக்கு 'வாடகை மேடம்' என்று பெயர் வந்துவிட்டது. அவள் தலை தெரிந்ததும் ஜன்னலைச் சாத்துகிறவர்களும் உண்டு.

"டாக்டர், வார்த்தை கொடுத்திருக்கீங்க. இவங்க சாமானோட வந்து நிக்கறாங்க."

"கொடுத்தேன். இல்லேன்னு சொல்லலையே. ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டு மாடியில யாரு குடியிருக்காங்க?"

பெரியவள் திரும்பித் தெருக்கோடியில் தன் வீட்டு மாடியைப் பார்த்தாள்.

"தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அங்க லைட் எரியுது. ஃபேன் சுத்தற நிழல் ஜன்னல்ல விழுது. எல்லாம் சரி. ஆனா இந்த நாலு வருஷத்துல உங்க மாடிக் கொடியில ஒரு கைக்குட்டை காஞ்சு நான் பார்த்ததில்லை. என் மொட்டை மாடியில நின்னா உங்க கொடி பளிச்சுன்னு தெரியும். குடியிருக்கறவங்க துணியே துவைக்க மாட்டாங்களா மேடம்?"

பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். இந்தத் தெருவில் பல்டாக்டர் தலையாட்டினால் பத்துப் பேர் தலையாட்டுவார்கள். அதனால்தான் பெரியவள் அவரிடம் முதலில் போனாள். இப்போது அதுவே வினையாகிவிட்டது.

"அது... என் தம்பிக்காக வெச்சிருக்கு டாக்டர்."

"என் மாடி என் பொண்ணுக்காக வெச்சிருக்கு. அந்த கோடி வீட்டு மாடி அவங்க பேரனுக்காக வெச்சிருக்கு. எல்லாருக்கும்தான் யாரோ ஒருத்தர் வரப்போறாங்க. எங்ககிட்ட வந்து, காலியா பூட்டி வெச்சு என்ன கண்டீங்கன்னு கேட்டீங்களே, அதே கேள்வியை உங்கப்பாகிட்ட கேட்டீங்களா?"

கேட்டதில்லை. அதுதான் உண்மை. பெரியவளுக்குக் காது மடல் சுட்டது.

"நான் மோசமானவன் இல்லைம்மா" என்று பல்டாக்டர் குரலைத் தணித்தார். "உங்க மாடியைத் திறங்க. இவங்களே அங்க குடியேறட்டும். அன்னைக்கே என் சாவி உங்க கைக்கு வரும், நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தாலும் சரி. உங்க மாடி திறக்கலைன்னா என் மாடியும் திறக்காது. இந்தத் தெருவுல எந்த மாடியும் திறக்காது."

டெம்போக்காரர் ஹாரனை ஒரு தட்டு தட்டினார். "மேடம், எனக்கு மத்தியானம் வேற லோடு இருக்கு. மேகம் வேற மூடிட்டு வருது. சொல்லுங்க, இறக்கறதா வேண்டாமா?"

நர்ஸ், ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்த கண்களால் பெரியவளைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"கொஞ்ச நேரம் இருங்க. இதோ வந்துடறேன்" என்று பெரியவள் நடந்தாள். வீடு தெருவின் மறுமுனையில்தான். ஆனாலும் இன்றைக்கு அந்த வழி முழுக்க யார் யாரோ முதுகைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

வாசலிலேயே அப்பா நின்றுகொண்டிருந்தார். கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து இறங்கி வந்திருப்பார் போலிருக்கிறது. மேலே பனியனும், கீழே மடிப்புக் கலையாத பேன்ட்டுமாய், பாதி உடுத்திய கோலம்.

அப்பாவின் மடிப்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த காலமெல்லாம் கசங்கின காக்கியோடு கம்பத்தில் ஏறியவர், ஓய்வு பெற்ற பிறகு, அதிலும் போன வருஷத்திலிருந்து, திடீரென்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி மடிப்புச் சட்டையில் திரிய ஆரம்பித்தார். கடைக்குப் போக ஒரு சட்டை, பேப்பர் படிக்க ஒரு சட்டை. "வயசான காலத்துல யாரை மயக்கறதுக்கு?" என்று அம்மா கேலி செய்வாள். அவரும் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

"என்னம்மா அங்க கலாட்டா?"

"உள்ள வாங்கப்பா, சொல்றேன்."

"இங்கயே சொல்லு."

"டாக்டர் சாவி தர மாட்டேங்கறார். நம்ம மாடியை முதல்ல விடச் சொல்றார்."

அப்பாவின் முகம் கேட் மாதிரியே சாத்திக்கொண்டது. "அவர் யாரு நம்ம மாடியைப் பத்திப் பேச? அது சின்னவனோடது. உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? மாடியை என் பெயருக்கு எழுதிக் கொடு என்று சின்னவன் கேட்டதும், என் கண் மூடட்டும் பிறகு எழுதிக்கொள் என்று அப்பா கத்தியதும், மறுநாளே அவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதும் அவளுக்குத் தெரியாதா? அன்றைக்குப் பூட்டிய மாடி. அப்பா மட்டும் காலையில் ஒரு முறை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு முறை ஏறிப் போய்விட்டு வருவார். பெருக்கித் துடைத்துவிட்டு வருகிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். லைட்டைப் போட்டுவிட்டு வருவது திருடனுக்குப் பயந்து என்று நினைத்தார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகம்பா" என்றாள் பெரியவள். நடந்து வரும்போதே அவள் மனதில் அது ஊர ஆரம்பித்துவிட்டது. "போன வருஷம் எங்க ஆபீஸ்ல பூட்டின வீடெல்லாம் எதுன்னு கண்டுபிடிச்சோம். மீட்டர் ஓடாத வீடெல்லாம் காலி வீடுன்னு கணக்கு. அந்த யோசனையைச் சொன்னதே நான்தான். இந்தத் தெருவுல பதினோரு மாடி அகப்பட்டுது. நம்ம மாடி மட்டும் அகப்படலை."

"ஆபீஸ்காரி வீடுன்னு விட்டிருப்பாங்க."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். நல்லதாப் போச்சுன்னு பேசாம இருந்துட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. தெருத்தெருவாக உபதேசம் செய்தவள், தன் வீட்டுக்கு விலக்குக் கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். பல்டாக்டர் கேட்டதில் என்ன தப்பு?

மாடிப்படிக்குக் கீழே இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன. கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. பெரியவள் குனிந்து பார்த்தாள். கீழ்வீட்டு மீட்டரின் தகடு சோம்பேறித்தனமாய் நகர்ந்துகொண்டிருந்தது. மாடி மீட்டரின் தகடு பம்பரமாய்ச் சுற்றியது.

"அப்பா, மாடியில யாரு இருக்கா?"

"யாருமில்லை."

"லைட்டும் ஃபேனும் போட்டா இந்த ஓட்டம் ஓடாது. உங்களுக்குத் தெரியாதா? என்ன ஓடுது மேல?"

அப்பா மீட்டரைப் பார்த்தார். முப்பது வருஷம் மீட்டரோடு குப்பை கொட்டினவர். ஒரு நொடியில் அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. தன் பனியனைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஐயோ, பெட்டி!" என்று கத்திக்கொண்டு படியேறி ஓடினார்.

பெரியவள் பின்னாலேயே ஓடினாள். சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து அம்மாவும் வந்தாள். பாதிப் படியிலேயே கருகல் வாடை மூக்கில் ஏறியது. அப்பாவின் அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவில்லை. பெரியவள் பிடுங்கித் திறந்தாள்.

அறை முழுக்கப் புகை. மேஜை மேல் விரித்த போர்வையில் ஒரு வெள்ளைச் சட்டை, அதன் மேல் குப்புறப் படுத்திருந்தது பழைய இஸ்திரிப் பெட்டி. தானாக அணைகிற ரகமில்லை அது. சூடேறினால் ஏறிக்கொண்டே போகும். போர்வையின் ஓரத்தில் சிவப்பாய்க் கங்கு பிடித்திருந்தது. ஜன்னல் திரைக்கும் அதற்கும் ஒரு ஜாண்தான் இடைவெளி.

சுவிட்சை அணைக்கத் தெரியாதவரா அவர்? ஆனால் பதற்றம் யாரை விட்டது. லைன்மேன் கைப்பிடியை விட்டுவிட்டு வெறும் கையால் பெட்டியை அள்ளித் தரையில் போட்டார். பெரியவள் சுவிட்சை அணைத்து, போர்வையைச் சுருட்டிக் குளியலறைக்குள் வீசி, வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். உஸ்ஸென்று அடங்கியது.

அம்மா ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று அறையைச் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரக் கம்பியில் வரிசையாய்த் தொங்கின, தேய்த்த சட்டைகள்.

"இதான் விஷயமா? மாப்பிள்ளைக் கோலத்துக்கு இதான் காரணமா?"

அப்பா சின்னவனின் கட்டிலில் உட்கார்ந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அது சரசரவென்று சத்தம் போட்டது.

"லைட்டும் ஃபேனும் மட்டும்னா யூனிட் பத்தாது" என்றார், யாரையும் பார்க்காமல். "பெட்டி நல்லா இழுக்கும்."

பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் முந்திக்கொண்டு கோபம் வந்தது. "என் காதுல பூச்சுத்தறதுக்கு இத்தனை பாடா? ராத்திரி சாப்பிடும்போது என் வேலையைப் பத்திப் பெருமையாச் சொன்னேனே, அதைக் கேட்டுக்கிட்டு மறுநாளே மேல வந்து மீட்டரை ஓட்டிட்டீங்களா? வீடே எரிஞ்சிருக்கும்பா! முடியாதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்லுவேன்?" அப்பாவின் குரல் உடைந்தது. "காலி மாடின்னு உன் ஆபீஸ்ல எழுதிட்டா நீயே வந்து சாவி கேப்ப. நீ கேட்டு நான் எதை இல்லேன்னு சொல்லியிருக்கேன்? உனக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுக்காக அவன் இடத்தைத் தூக்கிக் கொடுக்கவும் மனசு வரலை. அவன் கேட்டப்ப முடியாதுன்னு கத்தினவன் நான். திரும்பி வந்து நிக்கறப்ப மாடியில வேற யாரோ இருந்தா, மறுபடியும் முடியாதுன்னு சொன்ன மாதிரிதானே?"

வாடகை மேடத்துக்கு, வரித் தள்ளுபடி, ஜாமீன், ஒப்பந்தம் என்று மற்ற வீடுகளில் சரளமாய் வருகிற பேச்சு எதுவும் இந்த அறையில் வாயில் நுழையவில்லை. அந்தப் பதினோரு பூட்டுகளுக்குப் பின்னாலும் இப்படி ஒருத்தர் கட்டிலில் உட்கார்ந்திருப்பாரோ என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் மாடி வாசலில் நிழல் தட்டியது. குழந்தையோடு நர்ஸ்.

"மேடம், டெம்போக்காரர் கிளம்பணும்கறார். பரவாயில்லை, சாமானை எங்க ஆஸ்பத்திரி ஷெட்ல போட்டுட்டு, இன்னைக்கு ஒரு ராத்திரி..." என்று ஆரம்பித்தவள் மூக்கைச் சுளித்தாள். அறையைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவர் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அடுத்த கணம் குழந்தை பெரியவளின் அம்மா இடுப்புக்கு மாறியது.

"ஐயா, கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லைம்மா."

"ஒண்ணுமில்லாததையே காட்டுங்க." மணிக்கட்டைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளையை இழுத்துப் போகிற மாதிரி மாடிச் சமையலறைக் குழாய்க்கு இழுத்துப் போனாள். திருகினாள். தண்ணீர் தெளிவாய் விழுந்தது. "கையை எடுக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் இப்படியே. பேஸ்ட் கீஸ்ட் எதுவும் தடவக் கூடாது. இந்த வயசுல சூட்டுப் பெட்டியை வெறும் கையால தூக்குவாங்களா யாராவது?"

அப்பா அடங்கி ஒடுங்கி நின்றார். வீட்டில் யாருக்கும் பயப்படாத மனிதர்.

"பூட்டியே கிடந்த வீடுன்னாங்க" என்றாள் நர்ஸ் குழாயைப் பார்த்தபடி. "துருத் தண்ணி வரும்னு நினைச்சேன். தினம் புழங்கற வீடு மாதிரி இருக்கே."

"எல்லாம் தினம் ஓடுதும்மா" என்றாள் அம்மா. குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "குழா ஓடுது, ஃபேன் ஓடுது, மீட்டர் ஓடுது. குடியிருக்க ஆள் மட்டும்தான் பாக்கி."

அம்மா கணவனிடம் திரும்பினாள். அவள் குரலில் கேலி இல்லை. "எனக்கும் அவன் பிள்ளைதான். நானும் தினம் அவனை நினைச்சுக்கிட்டுதான் இருக்கேன். வந்தா கீழ நம்ம கூடப் படுத்துக்கட்டும். என் பக்கத்துல பாயைப் போடறேன். நாலு வருஷம் கழிச்சு வர்ற பிள்ளை எனக்குத் தலைக்கு மேல எதுக்கு? கண்ணுக்கு எதிர்ல இருக்கட்டும்."

ஜன்னல் வழியாக முதல் தூறல் உள்ளே தெறித்தது. தெருமுனையில் ஹாரன் அடித்தது, இந்த முறை நீளமாக.

அப்பா குழாயை மூடினார். கையைப் பார்த்துக்கொண்டே, "வண்டியில இருக்கற மெத்தை பஞ்சு மெத்தையாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"நனைஞ்சா காயாது. வண்டியை இங்க கொண்டுவரச் சொல்லு." பிறகு மகளைப் பார்த்தார். "அவன் வந்து கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது, பெரியவளே."

"நான் சொல்லிக்கறேன்பா."

"நீதான் சொல்லணும்."

சாவியை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. அது பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு படியாய் இறங்கிப் போனார்.

மத்தியானம் மழை விட்டபோது சாமானெல்லாம் மேலே ஏறியிருந்தது. நர்ஸின் கணவன் பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறவன். ஷிஃப்ட் முடிந்து மாவு படிந்த சட்டையோடு வந்தவன், மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம வீடா?" என்று மனைவியிடம் ரகசியமாய்க் கேட்டது கீழே வரைக்கும் கேட்டது. பெரியவள் ஒப்பந்தத்தை அப்பா முன்னால் வைத்தாள். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் கோணல்மாணலாய்க் கையெழுத்துப் போட்டார். சின்னவனின் கட்டிலையும் பிரிக்காத மெத்தையையும் கீழே இறக்கி, அம்மா சொன்னபடியே கூடத்தில் போட்டார்கள்.

சாயங்காலம் கேட்டில் பல்டாக்டர். கையில் வளையத்தோடு சாவி.

"மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தேன்" என்றார். மாடிக் கொடியில் குழந்தைத் துணிகள் வரிசையாய்த் தொங்கின. ஓரத்தில் பேக்கரிச் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்கே ஆளை அனுப்புங்க மேடம். காலையில தெருவுல வெச்சுக் கேட்டிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதீங்க."

"தெருவுல கேட்டதாலதான் டாக்டர் உறைச்சுது" என்றாள் பெரியவள். சாவி கனமாக இருந்தது. இந்தத் தெருவில் இனி பத்து மாடிகள் என்று மனம் கணக்குப் போட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு நிதானமாய் வந்தது.

இருட்டத் தொடங்கியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, பழக்க தோஷத்தில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படிப்பக்கம் போனார். இரண்டாவது படியில் கால் வைத்தவர் நின்றார். மேலே, யாரும் ஏறிப் போகாமலே, லைட் எரிந்தது. குழந்தை எதற்கோ கெக்கலித்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கு போனைப் போடு" என்றார்.

அம்மாவும் பெரியவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. அவர்கள் இருவரும் அவனோடு எப்போதாவது பேசுவதுகூட அவருக்குத் தெரியாமல்தான்.

"யாரோ சொல்லி அவனுக்குத் தெரிய வேண்டாம். நானே சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன்."

பெரியவள் தம்பியின் எண்ணைப் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. அவன் மனைவியின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி அப்பாவிடம் நீட்டினாள். எடுத்தாள் மருமகள்.

"நான்... நான் மாமா பேசறேன்மா."

எதிர்முனையில் ஒரு விம்மல். பிறகு மளமளவென்று வார்த்தைகள். "மாமா! நல்லவேளை கூப்பிட்டீங்க. அவர் பக்கத்துல இருக்காரா? போனையே எடுக்க மாட்டேங்கறார். கோவமா இருக்காரா என்மேல?"

அப்பாவின் கட்டுப்போட்ட கை காற்றில் நின்றது. "அவன் இங்க எங்கம்மா இருக்கான்?"

"என்ன மாமா சொல்றீங்க? திங்கக்கிழமையே அங்கதானே கிளம்பி வந்தார். இங்க வேலை போயிடுச்சு மாமா. எத்தனை நாள் ஆனாலும் அப்பா என் மாடியை எனக்காக வெச்சிருப்பாரு, போய் சாவியை வாங்கிட்டு உன்னை வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினார். இன்னுமா வந்து சேரலை?"

அம்மா கூடத்துக் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிரிக்காத மெத்தை சரசரத்தது.

அப்பா மகளைப் பார்த்தார். நான் சொல்லிக்கறேன் என்று மத்தியானம் வாக்குக் கொடுத்தவள், திறந்த வாயை மூடவும் மறந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வியாழன்.